கை காட்டினால் நிற்கும்

"கடல் பக்கமா, மலைப் பக்கமா?"

எல்லியுவுக்குப் பதினைந்து வயதானபோது அப்பா கேட்ட கேள்வி அது. இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளை அப்பா இத்வல் திட்டவில்லை, காரணமும் கேட்கவில்லை. காலணியை மாட்டச் சொல்லி டொவின் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார். ரயிலேறியதும் எந்த ஜன்னல் வேண்டும் என்று மட்டும் கேட்டார். வகுப்பில் யாராவது பெயர் சொல்லி எழுப்பினால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்று ரயிலிலும் ஒட்டிக்கொண்டது. விரலால் கடலைக் காட்டினாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து எட்டு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் ஒரு சின்ன நிலையத்தில் இறங்கி, கரையோரமாகவே நடந்து, இன்னொரு சின்ன நிலையத்தில் ரயிலேறி வீடு திரும்புகிறார்கள். அம்மா வேறொருவரோடு ரில் ஊருக்குப் போய்விட்ட அந்த வாரம்கூட அவர்கள் நடையை விடவில்லை. அன்று அப்பா வழியெல்லாம் கூழாங்கற்களைக் கடலுக்குள் எறிந்துகொண்டே வந்தார். அவ்வளவுதான்.

இன்று காலையில் ரயில் ஆற்றுப்பாலத்தைக் கடந்தபோதே சொல்லிவிட வேண்டும் என்று எல்லியு நினைத்திருந்தாள். வரும் திங்கள்கிழமை அவள் ஷ்ரூஸ்பரிக்குப் போகிறாள். எல்லை தாண்டி, இங்கிலாந்துக்கு. அவள் சுத்தம் செய்யும், விடுமுறைக்கு வருபவர்கள் தங்கும் கேரவன் முகாமில் போன மாதம் தங்கியிருந்த ஹாட்னெட் என்ற பெண்மணிக்கு அங்கே ரொட்டிக்கடை இருக்கிறது. விடியற்காலையில் மாவு பிசைய ஆள் வேண்டும், கடைக்கு மேலே ஓர் அறை உண்டு, வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டியதே இல்லை என்றாள். எல்லியு தலையாட்டினாள். ஆட்டிய பிறகுதான் வீட்டில் சொல்ல வேண்டும் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு எந்த நாற்காலியிலும் அவளால் ஒழுங்காக உட்கார முடியவில்லை. துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். இரவில் கால்கள் தாமாகவே போர்வையை உதைத்துத் தள்ளின.

பாலத்தில் சொல்ல முடியவில்லை. ரயில் கார்டு மென்னா வந்துவிட்டாள். இந்தப் பாதையில் பாதி நிலையங்களில், கேட்டால்தான் வண்டி நிற்கும். இறங்க வேண்டியவர்கள் கார்டிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"எங்க எறக்கி விடணும் இன்னைக்கு?" என்றாள் மென்னா.

"டஃப்ரின்ல. போன தடவ மாதிரி பேசிக்கிட்டே தாண்டிப் போயிடாத."

"தாண்டினா என்ன, ரெண்டு மைல் கூட நடங்க. தண்டவாளத்துல நடந்தே சம்பளம் வாங்கின ஆளுதானே நீங்க?"

"உன் வாய்க்கு உங்கம்மா எவ்வளவோ தேவல."

அப்பா சிரித்தார். முப்பது வருடம் இந்தப் பாதையில் தண்டவாளம் சரிபார்க்கும் வேலை பார்த்தவர். வண்டியில் யாரோடும் பேசுவார். வீட்டில்தான் பேச்சு வற்றிப்போகும்.

ஆனால் இன்று மணல்மேடுகளில் ஏறி இறங்கும்போதும் அவர் வாய் ஓயவில்லை. நாணல் காற்றில் சாய்ந்து கிடந்தது. அலை வெகு தூரத்தில் உள்வாங்கியிருந்தது. இந்தக் கரையில் ஒரு பகுதி ஆடையில்லாமல் குளிப்பவர்களுக்கென்று விடப்பட்டது. குளிர் விடாத இந்த ஏப்ரலிலும் ஒரு கிழவர் கம்பளித் தொப்பி மட்டும் அணிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கண்ண மலைப்பக்கம் வச்சுக்கிட்டு வா, கண்ணு," என்றார் அப்பா. பிறகு உரக்க, "என்ன அண்ணாச்சி, தல மட்டுந்தான் குளிருதா?"

"மத்ததெல்லாம் மரத்துப் போச்சுப்பா," என்றது கிழவரின் குரல்.

எல்லியுவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அப்பா கப்பல் உடைந்து கரையொதுங்கிய பலகையைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். பலகை முடிந்ததும் கடற்பாசி. அது முடிந்ததும், புயலில் அடித்துப்போன தண்டவாளத்தை ஒரு குளிர்காலத்தில் திருப்பிப் போட்ட கதை, அவளுக்கு மனப்பாடமான கதை. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடும் இடம்கூட இல்லை. வேகமாகவும் நடந்தார். பாறை மறைவில் உட்கார்ந்து உலர்திராட்சை ரொட்டியில் வெண்ணெய் தடவும்போதும், "அடுத்த வாரம் லான்டானுக்ல எறங்குவோம். அங்க சர்ச்சுச் சுவர மணல் மூடியிருக்காம், பாக்கணும்," என்றார். அதற்கு அடுத்த வாரத்தையும் சொன்னார். அதற்கும் அடுத்ததை.

"ம்," என்றாள் எல்லியு. தேநீரை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள். எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"என்ன, எறும்பு கடிக்குதா?"

"இல்லப்பா. நடக்கலாம்."

லானபெர் நிலையத்தை அடைந்தபோது வெயில் மங்கியிருந்தது. நிலையம் என்றால் கடல்சுவருக்கு மேலே ஒரு நடைமேடை, ஒரு தகரக்கூரை. இரு திசை வண்டிகளும் அதே மேடைக்குத்தான் வரும். ஏற வேண்டியவர்கள் கையை நீட்டினால் ஓட்டுநர் நிறுத்துவார். நம் வண்டி இல்லையென்றால் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு நடக்கப் பழகியதும் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். ஏறாமல் வண்டியை நிறுத்துபவர்களைப் பற்றி, அவர்கள் வெளியூர் பயணிகளாகவே இருந்தாலும், அப்பா பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

வீட்டுக்குப் போகும் வண்டி வரக் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்கு முன்னால் வடக்கே போகும் வண்டி வரும். அப்பா தண்டவாளத்தின் ஜல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக அவர் பேச்சு நின்றிருந்தது.

"அப்பா, நான் திங்கக்கெழம போறேன்."

"எங்க, கடைக்கா?"

"வேலைக்கு. ரொட்டிக்கடையில. அங்கயே தங்கிடுவேன்."

அலையின் சத்தம் சுவருக்குக் கீழே வந்து போனது.

"முகாம்ல உன் வேலைக்கு வேற ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார் அப்பா. "புதன்கெழமையே. நீயா சொல்லுவேன்னு பாத்தேன்."

அவளுக்குக் காது சூடானது. காலையிலிருந்து அவளுக்கு இடமே கொடுக்காமல் அவர் ஏன் அப்படிப் பேசிக்கொண்டே வந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது.

"எந்த ஊரு?" என்றார். "அதையாவது சொல்லு."

ஷ்ரூஸ்பரி. ஒரு சொல்தான். அது வாய்க்குள் வந்து மேலண்ணத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர் காத்திருந்தார். அவளால் தாங்க முடியவில்லை. கையைத் தோள் உயரத்துக்கு நீட்டி, தெற்கே பாதை வளைகிற இடத்தை, அந்த மலைகளுக்கும் அப்பால், அப்பால் என்று காட்டினாள்.

"கையக் கீழ போடு," என்றார் அப்பா.

வளைவில் வண்டியின் முகம் தெரிந்தது. அவள் கையைக் கீழே போடுவதற்குள் ஓட்டுநர் ஊதிவிட்டார். பிரேக் கிறீச்சிட்டது. வடக்கே போகும் வண்டி அவர்கள் முன்னால் வந்து நின்றது. கதவு திறந்து மென்னா தலையை நீட்டினாள்.

"என்ன அண்ணே, வீடு மாறியாச்சா? இது புல்ஹெலி போற வண்டி."

அப்பா தோள்பையின் வாரைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான் கையக் காட்டிட்டேன். வண்டிக்கு இல்ல," என்றாள் எல்லியு.

"பின்ன யாருக்கு, மீனுக்கா?" மென்னா சிரித்தாள். இருவர் முகத்தையும் பார்த்ததும் சிரிப்பு குறைந்தது. "ஏறப்போறது யாராவது உண்டா? இல்லாட்டி கதவ மூடட்டுமா?"

ஜன்னல்களில் முகங்கள் திரும்பியிருந்தன. ஒரு குழந்தை கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பார்த்தது. அப்பா தோளிலிருந்து பையைக் கழற்றினார். அதன் வாரைச் சுருட்டி, பிளாஸ்க் சாயாதபடி எல்லியுவின் காலருகே வைத்தார். பிறகு கைப்பிடியைப் பிடித்துப் படியில் ஏறினார்.

"அப்பா, இது நம்ம வண்டி இல்லப்பா."

"நிறுத்தின வண்டில யாராவது ஏறணும்ல, நீ நம்ம வண்டில வீட்டுக்குப் போ," என்றார்.

மென்னா ஒரு கணம் தயங்கி எல்லியுவைப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே எவ்வளவோ இருக்கைகள் காலியாகக் கிடந்தன. அவர் எதிலும் உட்காரவில்லை. அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டியவரைப்போல, கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றபடியே, வண்டியோடு நகர்ந்து போனார்.