மண்டியே பார்த்த ஸ்டேட்டஸ்

ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் சட்டம் ரொம்பக் கடுமையானது. தோழிக்குப் பிறந்தநாள் என்றால் காலையிலேயே வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வைத்துவிட வேண்டும். அன்று முழுக்க அதை அழிக்கக் கூடாது. தவறினால் கா, அப்புறம் பேச்சு கிடையாது. அரசாங்கச் சட்டத்திலாவது மேல்முறையீடு உண்டு, இதில் அதுவும் இல்லை.

போன மாதம் ஸ்ரீமதியின் பிறந்தநாளுக்கு மாரிச்செல்வி ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. ஸ்ரீமதி இன்னும் அவளோடு பேசவில்லை. பாவம், அவளும்தான் என்ன செய்வாள்? வீட்டில் இருப்பது ஒரே போன். அதுவும் டெம்போ ஓட்டும் அப்பா மாடக்கண்ணுவின் சட்டைப்பையில், பாவூர்சத்திரம் காய்கறி மண்டிக்குப் போய்விடும்.

இன்று தேஜஸ்வினிக்குப் பிறந்தநாள். இவளும் பேசாமல் போனால் பள்ளியில் பக்கத்தில் உட்கார ஆளே இல்லை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து மாரிச்செல்வி வேலையை முடித்துவிட்டாள். முகம் தெரியக் கூடாது என்பது தேஜஸ்வினி அம்மாவின் உத்தரவு. ஆகவே ஐந்தருவியில் இருவரும் கைகோத்து எடுத்த படம், கைகள் மட்டும். மேலே 'என் உசுரே, ஹேப்பி பர்த்டே!' சுற்றிலும் சிவப்பு இதயங்கள். அவசரத்தில் தன் பெயரைப் போட மறந்துவிட்டாள்.

சாயங்காலம் அப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, என்னத்தப் போட்டு வச்சிருக்க? 'ஒம்ம உசுரு யாருவே'ன்னு மண்டி பூரா கேக்கானுவ. தக்காளிக்கடை சுடலைக்கண்ணு உங்க அம்மைகிட்டயே சொல்லிருவேங்கான்."

மாரிச்செல்வி அவர் சட்டைப்பையையே பார்த்தாள். "அழிச்சிட்டியளாப்பா?"

"அழிக்கத்தான் பாத்தேன்." அவர் செருப்பைக் கழற்றினார். "போன மாசம் நீ சோறு திங்காம அழுதது ஞாபகம் வந்துட்டு. கெடந்துட்டுப் போவுதுன்னு உட்டுட்டேன்."

போன் அடித்தது. தேஜஸ்வினிதான், அவள் அம்மா போனிலிருந்து.

"ஏட்டி மாரி, பாத்துட்டேன்! யாரெல்லாம் பாத்திருக்காங்க, வாசி!"

அப்பா பதிந்து வைத்திருந்தபடியே மாரிச்செல்வி வாசித்தாள். முருங்கைக்காய் அண்ணாச்சி, சின்னவெங்காயம் மாடன், லோடுமேன் விஜய்பாண்டி... வாசிக்க வாசிக்க வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை.

"எனக்கு இத்தன பேரா! நாளைக்கு ஸ்ரீமதிகிட்ட நானே பேசுதேன். உனக்குப் பழம் விடச் சொல்லுதேன்."

மாரிச்செல்வி சிரித்துக்கொண்டே 'சரிட்டி' என்றாள். போனை வைத்த பிறகும் அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"அடுத்து யாருக்குட்டி பொறந்தநாளு?"

"ஃபாயிஸாவுக்குப்பா. வெள்ளிக்கிழம."

"முன்னாடியே சொல்லிரு. மண்டியில சொல்லி வைக்கணும்லா."