மதகுச் சாவி

பாயிந்தா கானின் கோதுமை பால் பிடிக்கிற பருவம். புதன்கிழமை அவர் தண்ணீர் முறை. அன்றைக்குத் தண்ணீர் பாயாவிட்டால் கதிர் மொத்தமும் மணி பிடிக்காமல் சாவிதான். விடிந்ததும் மண்வெட்டியோடு ஹெல்மந்து ஆற்று வாய்க்காலுக்குப் போனார். மதகில் பூட்டுத் தொங்கியது.

வெளிநாட்டுப் பட்டாளம் கட்டிக்கொடுத்த இரும்பு மதகு. போன மாதம் வரை அங்கே மண்ணும் சுள்ளியும்தான் அடைப்பு.

தண்ணீர் முறை பிரிக்கிற மீராப் நஸ்ரோ கரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பூட்டத் தொறடா நஸ்ரோ."

"எங்கிட்ட ஏதுண்ணே சாவி? ஓட்டுப் போட்டு ஷேர்தில்ல வாய்க்காத் தலைவராக்குனீங்கள்ல, அவன்கிட்ட கேளுங்க. நான் இப்போ சும்மா தாடி வளக்குற ஆளு."

"நீ போடலியா?"

"போட்டேன். எதுக்குன்னு கேக்காதீங்க."

பாயிந்தா விரலைப் பார்த்தார். ஓட்டு மை நகக்கண்ணில் இன்னும் இருந்தது. 'முதல் தடவையாக உங்கள் தலைவரை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள்' என்று பட்டாள அதிகாரி அன்று பேசினான். அப்படியானால் வசந்தந்தோறும் பள்ளிவாசல் முற்றத்தில் நிலக்காரர்கள் கூடி நஸ்ரோவைக் கைகாட்டுவது என்னவாம்? அப்போதே கேட்டார். மொழிபெயர்ப்பவன் வெளிநாட்டில் வளர்ந்தவன். மீராப் என்பதை ஆள் பெயரென்று எழுதிக்கொண்டான்.

பாயிந்தா போனபோது ஷேர்தில் தன் வீட்டு வாசலில் நின்றான்.

"சாவி இருக்கு சாச்சா. அதிகாரி கையெழுத்து இல்லாமத் தொறந்தா, என் பங்காளிங்களுக்கு மட்டும் விடுறேன்னு பேசுவாங்க."

"விட்டியா?"

"நேத்து விட்டேன்."

"கையெழுத்து?"

"அது வந்து... அவசரம் சாச்சா."

கையெழுத்துக் கேட்டுப் பாயிந்தா பட்டாள முகாமுக்கு நடந்தார். அதிகாரி நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான்.

"இது உங்க ஊர் விஷயமாம். இவங்க தலையிட மாட்டாங்களாம்" என்றான் மொழிபெயர்ப்பவன்.

"துப்பாக்கியோட வந்து மதகு கட்டுனது தலையிட்டதில்லியா? கேளு அவன."

மொழிபெயர்ப்பவன் அதிகாரியிடம் வேறென்னவோ சொன்னான். அதிகாரி கைகுலுக்கினான். எதற்கென்று பாயிந்தாவுக்கு விளங்கவில்லை.

உச்சிவெயில். கோதுமைத் தாள் சுருள ஆரம்பித்திருந்தது. யாரை நம்புவது என்று யோசிக்கிற நேரமில்லை. மதகுக்கு இரண்டடி தள்ளிக் கரையை வெட்டினார். பூட்டுப் பூட்டினபடியே இருக்க, தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வயலுக்குள் ஓடியது. மண் சளசளவென்று குடித்தது.

நிமிர்ந்தால் கரையில் பக்கத்து வயல் ஸரீன்.

"சாச்சா, நாளைக்கு யாரு முறை?"

"நஸ்ரோவக் கேளு."

"அவருதான் இனிமே உங்களக் கேக்கச் சொன்னாரு."

பின்னாலேயே ஷேர்தில், சாவியைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தான்.

"என் தோட்டத்துக்கும் கொஞ்சம் வெட்டிவிடுங்க சாச்சா."

"சாவி உன் கையிலதானடா இருக்கு?"

"இருக்கு. தொறந்தா நஸ்ரோ ஆளுங்க சண்டைக்கு வருவாங்க. நீங்க வெட்டுனீங்க, யாரும் கேக்கல பாருங்க."

"எனக்கு எவன்டா ஓட்டுப் போட்டான்?"

இருவரும் அவர் கையிலிருந்த மண்வெட்டியையே பார்த்தார்கள். வரப்பில் இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மண்வெட்டியைக் கீழே போடுவதா, கெட்டியாகப் பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் பாயிந்தா முழங்கால் தண்ணீரில் நின்றார்.