ஷெரிப் கையில் இருந்த ஒரு வாரம்

நோரீன் ப்ரூயிட் ஷெரிப் அலுவலகத்துக்குப் போன் செய்தால் அது வெட்டிப் பேச்சாக இருக்காது. லேலண்ட் ஹூபருக்கு அது நன்றாகத் தெரியும். வடக்கு மிசௌரியில் அயோவா எல்லையை ஒட்டிய அந்த மாவட்டத்துக்கு இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்தான் ஷெரிப், போலீஸ் தலைவர். நோரீனும் அவரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்தவர்கள். அவள் புருஷன் வெர்லினும் அதே பஸ்தான், கடைசி சீட்.

"லேலண்ட், வெர்லின் டவுனுக்கு வந்துட்டிருக்காரு. கைத்துப்பாக்கி ஒண்ணு வாங்கணுமாம். நரி வருதாம்."

"நரிக்கு ரைபிள் இருக்கே வீட்ல?"

"ரெண்டு ரைபிளையும் போன மாசமே எங்க அக்கா வீட்ல கொண்டுபோய் வச்சிட்டேன். எங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல அவரு. அதான் பயமே, தன்னையே ஏதாவது பண்ணிக்குவாரோன்னு. நரி வந்து எதத் தூக்கிட்டுப் போகப்போகுது சொல்லு? தொழுவத்துல ஒரு கன்னுகூட இல்ல."

மாடுகளை ஏப்ரலிலேயே விற்றாகிவிட்டது. பால் விலை விழுந்த வேகத்தில் வெர்லினின் அப்பா காலத்துப் பண்ணை எழுந்திருக்கவே இல்லை. அதற்கப்புறம் வெர்லின் விடியற்காலையில் எழுந்து, வெறும் தொழுவத்தில் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருப்பதாக ஊரில் பேச்சு.

"அன்னிக்குப் பண்ணின மாதிரி பண்ணு லேலண்ட். ஒரு வாரம் இழுத்தடி. அது போதும், நான் பாத்துக்கறேன்."

"சரி நோரீன். கிடப்புல போட்டுடறேன். நீ கவலைப்படாம வேலைக்குப் போ."

அந்தப் பக்கம் அவள் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டாள். லேலண்டுக்கு அப்புறம்தான் உறைத்தது. கிடப்பில் போடுவதற்கு இப்போது காகிதம் ஏது?

போன வருஷம் கோடை வரைக்கும் இருந்தது. மிசௌரியில் கைத்துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால் உள்ளூர் ஷெரிப்பிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். எண்பது வருஷத்துக்கு மேல் இருந்த சட்டம். ஷெரிப் நினைத்தால் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வாரத்தைத்தான் மாவட்டத்துப் பெண்கள் மோப்பம் பிடித்து வைத்திருந்தார்கள். புருஷன் மூஞ்சி சரியில்லை, மகன் குடித்துவிட்டு வந்து கத்துகிறான், தம்பியை அவன் பெண்டாட்டி விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றால் உடனே லேலண்டுக்கு ஒரு போன். பேர் சொல்ல வேண்டாம், குரலே போதும்; விளக்கம் வேண்டாம், "இந்த வாரம் வருவான்" என்றால் போதும். வந்து நிற்கிறவனிடம் லேலண்ட் வாய்க்கு வந்ததைச் சொல்லுவார். குமாஸ்தா லீவு. முத்திரை பழுது. நீதிமன்றத்தில் வேலை. வந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு போவான். பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். வந்தவர்கள் வேறு முகத்தோடு வருவார்கள். இதைப் பற்றி எந்த ஆம்பிளையும் எந்தப் பொம்பிளையும் வெளியில் பேசியதில்லை.

பிறகு மாநிலத் தலைநகரத்தில் சட்டசபை உறுப்பினர்கள் கூடி உட்கார்ந்து, ஷெரிப் எதற்கு வீணாக, கடைக்காரன் போன் போட்டால் கம்ப்யூட்டர் சொல்லிவிடப் போகிறது என்று அந்தச் சட்டத்தைத் தூக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டர் சொல்லும்தான். ஒருத்தன் ஜெயிலுக்குப் போயிருக்கிறானா என்று சொல்லும். மாடு விற்றுப்போன கதை அதற்கு எங்கே தெரியும்? இத்தனைக்கும் சட்டம் போன அன்று லேலண்டே, "ஒழிஞ்சது தலைவலி" என்று காபிக்கடையில் சொன்னவர்தான். துப்பாக்கி வாங்குவது அவனவன் உரிமை என்பதில் அவருக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெண்களின் போன் மட்டும் நிற்கவில்லை. மற்றவர்களிடம் முகத்தை மரமாக வைத்துக்கொண்டு, சட்டம் போச்சம்மா என்று சொல்லிப் பழகியிருந்தார். நோரீனிடம் அது வாயில் வரவில்லை. பழைய வார்த்தைதான் தானாக வந்து விழுந்தது.

திரும்ப அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் பேச்சை நம்பி அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

வெர்லினின் பிக்கப் வண்டி கர்ட்டிஸ் லோமாக்ஸ் கடை வாசலில் நின்றது. தூண்டில் புழுவும் துப்பாக்கியும் விற்கிற கடை. லேலண்ட் உள்ளே போனபோது வெர்லின் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். கர்ட்டிஸ் போனில் காத்திருந்தான். ஒரு காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை, "சரின்னுட்டாங்க" என்று போனை வைத்தான்.

லேலண்ட் அவனைப் புழு டப்பாக்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"கர்ட்டிஸ், இன்னிக்கு வேணாம். ஏதாவது சொல்லி அனுப்பு."

"என்னத்த சொல்லுறது ஷெரிப்? தர மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு, இல்லேங்கல. சொன்னா அரை மணி நேரத்துல அடுத்த ஊர்க் கடைல போய் நிப்பாரு. அங்க அவர ஒருத்தனுக்கும் தெரியாது. நானாவது நல்லாருக்கீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"நல்லாருக்கேன்னாரு. நீங்க ஒரு காகிதம் குடுங்க, இப்பவே நிறுத்திடறேன்."

காகிதம் யாரிடம் கேட்பது? நீதிபதியிடம் போனால், அந்த ஆள் என்ன சொன்னான் என்பார். நரி என்றான். நரிக்காக ஒருத்தனைப் பிடித்து வைக்கச் சொல்லி எந்த நீதிபதி கையெழுத்துப் போடுவார்?

வெளியே வண்டியருகில் வெர்லினை மடக்கினார். "அத ஒரு வாரம் எங்கிட்ட குடுத்து வையேன்."

"எதுக்கு?"

"சும்மாதான்."

வெர்லின் சிரித்தார். சத்தமில்லாத, களைத்துப்போன சிரிப்பு. "அன்னிக்கும் சும்மாதான் ஒரு வாரம் வச்சிருந்தியா?"

லேலண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வருஷமாக அவனுக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தார். வெள்ளம் வந்து சோளமெல்லாம் போன வருஷம் அது.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும். குமாஸ்தா லீவாம்! அவ அங்க உக்காந்து வெண்ணெய் ரொட்டி தின்னுட்டிருந்தா, கண்ணால பாத்தேன். ஏழு நாளும் உன்னத்தான் திட்டினேன் லேலண்ட். டிராக்டர்ல உக்காந்து திட்டினேன். பால் கறக்கறப்பத் திட்டினேன். தூக்கத்துலகூடத் திட்டினேன்னு நோரீன் சொல்லுவா. உன்னத் திட்டுற வேகத்துல மத்தது மறந்துபோச்சு."

"அப்ப இப்பவும் திட்டேன்டா."

"உன்ன எதுக்குத் திட்டணும்? நீ ஒண்ணும் பண்ணலியே இப்ப."

அவர் சொன்னது குத்தலாகக்கூட இல்லை. அன்பாகச் சொன்னார். அன்று அவரைக் காப்பாற்றிய கோபம் இப்போது துளிகூட இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல், ஐம்பத்தெட்டு வயது ஷெரிப், பட்டப்பகலில் கடை வாசலில் நின்றுகொண்டு சண்டை இழுக்க ஆரம்பித்தார்.

"நீயெல்லாம் ஒரு பால்காரனாடா? உன் மாடு குடுத்தது பாலா, கழுவின தண்ணியா? உங்கப்பன் வேலிக்கம்பத்த நகத்தி எங்க நிலத்துல நாலடிய முழுங்கினவன். திருட்டுப் பரம்பரை!"

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். கர்ட்டிஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். வெர்லின் பொறுமையாக முழுவதையும் கேட்டார்.

"நாலடி இல்ல, ஆறடி. எங்கப்பாவே சொல்லிருக்காரு," என்று லேலண்டின் தோளில் தட்டினார். "போய் வேலையப் பாரு. உன்னால ஆகாது."

வண்டி போய்விட்டது. லேலண்ட் தன் காரில் உட்கார்ந்து, அயோவா பக்கத்து ஷெரிப் ஸ்டென்ஸ்ருடுக்குப் போன் போட்டார். எதற்குப் போட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை; நடந்ததைச் சொன்னார். வெர்லின் வீட்டுக்கு முன்னால் ஓடுகிற ஜல்லி ரோடுதான் இரண்டு மாநிலத்துக்கும் எல்லை. அவர் தபால் பெட்டியே அயோவாவில்தான் நிற்கிறது.

"யோவ், இங்க இன்னும் என் கையெழுத்து இல்லாம கைத்துப்பாக்கி வாங்க முடியாது," என்றார் ஸ்டென்ஸ்ருட். "போட்டுக் குடுத்தாலும் மூணு நாள் கழிச்சுத்தான் செல்லும். அந்த ஆளு வீட்ட ரோட்டுக்கு இந்தப் பக்கம் கட்டிருந்தா நான் பாத்துக்கிட்டிருப்பேன்."

"கட்டலியே."

"கட்டலியே," என்று அவரும் சொன்னார். பின்னாளில் அயோவாவிலும் அந்தச் சட்டத்தைத் தூக்கினார்கள். அதற்குள் ஸ்டென்ஸ்ருட் ஓய்வு பெற்றிருந்தார்.

முதியோர் இல்லத்துச் சமையலறையில் நோரீன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். லேலண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வேலையை முடித்துவிட்டுச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பாள். அவர் தொப்பியைக் கழற்றினார். அதோடு அவள் முகம் மாறியது.

"நோரீன், அந்தச் சட்டம் போயிடுச்சு. போன வருஷமே. வாங்கிட்டான். வீட்டுக்குப் போயிட்டான்."

"கிடப்புல போட்டுடறேன்னு சொன்னியே."

"சொன்னேன்."

அவள் ஈரக்கையோடு சுவரில் மாட்டியிருந்த போனை எடுத்து வீட்டு எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்தது.

"வெர்லின்? நான்தான். ஒண்ணுமில்ல, சும்மா... அந்த மாட்டிறைச்சிய ஃப்ரீசர்லேந்து எடுத்து வச்சேனா பாரு. இல்லியா? மேல் தட்டுல பாத்தியா?" அவள் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது. போனை வைத்தால் வீட்டுக்கு ஓடலாம்; வைத்தால் அந்த நேரம் அவர் தனியாக இருப்பார். போனின் சுருள் கம்பி அவளைச் சுவரோடு கட்டிப்போட்டிருந்தது. இடது கையால் லேலண்டைப் பார்த்து, போ, போ என்று விரட்டினாள்.

அவர் பறந்தார். ஜல்லி ரோட்டில் புழுதி எழும்ப வண்டியை நிறுத்தியபோது, சமையலறை ஜன்னலில் வெர்லின் தெரிந்தார். காதில் போன். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். மேஜை மேல் துப்பாக்கிப் பெட்டி, அதன் பக்கத்திலேயே உறைந்த மாட்டிறைச்சிப் பொட்டலம்.

"உன் காவக்காரன் வந்தாச்சு," என்று போனில் சொல்லிவிட்டு வைத்தார். காபி ஊற்றிக் கொடுத்தார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெர்லின் வீட்டு மேஜையில், வெர்லின் தன் காசில் வாங்கிய பெட்டி. லேலண்ட் அதைத் தொடுவதற்கு மிசௌரிச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. தொடவில்லை.

நோரீன் கட்டியிருந்த சமையல் ஏப்ரனோடு வந்து இறங்கினாள். உள்ளே போய் வெர்லினின் தலையில் ஒரு தரம் கை வைத்துவிட்டு, லேலண்டை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அத எடுத்து எங்கயாவது வச்சிடு நோரீன்."

"வச்சா? நாளைக்கு இன்னொண்ணு. கர்ட்டிஸ் கடை ஞாயித்துக்கிழமைகூடத் தெறந்திருக்கு." அவள் கத்தவில்லை. "முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே லேலண்ட். நான் வேலைக்குப் போயிருக்க மாட்டேன். கதவுல சாஞ்சு நின்னிருப்பேன். வண்டிச் சாவிய முழுங்கிருப்பேன். நீ பாத்துக்குவேன்னு நம்பி அங்க உக்காந்து கெழங்கு சீவிட்டிருந்தேன்."

லேலண்ட் படியிறங்கி வண்டிக்கு நடந்தார்.

அடுத்த வாரம் நோரீன் சமையலறை வேலையை விட்டுவிட்டாள். மாடும் போய், சம்பளமும் போயிற்று. மாநிலம் ஒரு வாரம் வைத்திருந்த காவலை அவள் ஒருத்தியே வாரா வாரம் செய்கிறாள். வெர்லின் தொழுவத்துக்குப் போனால் தொழுவத்துக்கு, கடைக்குப் போனால் கடைக்கு. தேவாலயத்துக்கு வருவதில்லை. அக்கா வீட்டுக்குப் போவதில்லை. தூக்கம் உண்டா என்று யாரும் கேட்கத் துணியவில்லை. வெர்லின் இருக்கிறார். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

வேலை இருக்கிறதோ இல்லையோ, லேலண்ட் தினமும் மத்தியானம் அந்த ஜல்லி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவன் பகையாளியாக இருந்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கி வணக்கம் வைப்பது வழக்கம். வாசலில் நாற்காலியைப் போட்டு, தொழுவத்துக் கதவைப் பார்த்தபடி நோரீன் உட்கார்ந்திருப்பாள். லேலண்ட் முழுக்கையையும் தூக்குவார். அவள் அவரை நேராகப் பார்ப்பாள். கை மடியிலேயே இருக்கும்.