துடைத்தும் போகாத வெளிச்சம்

தொலைநோக்கிக் கூடத்தில் கேமராவின் முன்கண்ணாடியைத் துடைப்பது கிழவரின் வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒருத்தரும் அவர் வேலையைக் குறை சொன்னதில்லை. அன்று காலை மேலாளர் ஒரு படத்தையும் ஒரு தாளையும் மேஜையில் தள்ளினார்.

"பாருங்க. நட்சத்திர மண்டலங்களுக்கு நடுவுல பால் சிந்தின மாதிரி மங்கல். கண்ணாடி அழுக்கு. 'என் கவனக்குறைவு'ன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு நாளையிலேர்ந்து வீட்ல இருங்க."

படித்தவர்கள் எழுதிக்கொண்டு வருகிற தாளைக் கிழவர் என்றைக்கும் நம்பியதில்லை. தொடக்கூட இல்லை.

"என் அழுக்கு எனக்குத் தெரியாதா?"

படம் எடுத்த ஆராய்ச்சிக்காரப் பெண் வாயைத் திறந்தாள். "சார், அது வந்து..."

"நீ சும்மா இரும்மா."

கிழவர் விறுவிறுவென்று கேமராவிடம் போனார். பளபளத்த கண்ணாடியின் நட்டநடுவில் கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார்.

"யோவ்! கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு?" மேலாளர் அலறினார்.

"இதுதான் அழுக்கு. இது என்னுது, ஒத்துக்கறேன். இதோட இன்னிக்கு ரெண்டு படம் எடுக்கச் சொல்லுங்க. ஒண்ணு நேரா, இன்னொண்ணு தொலைநோக்கியைக் கொஞ்சம் தள்ளி வெச்சு. கண்ணாடியில இருக்கிற அழுக்கு கண்ணாடியை விட்டு எங்க போகும்?"

"நான் எடுக்கறேண்ணே," என்றாள் பெண், மேலாளர் முகத்தைப் பார்க்காமலே.

மறுநாள் இரண்டு படமும் மேஜைக்கு வந்தன. கட்டைவிரல் கறை இரண்டிலும் நடுவில் கருநிழலாகக் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. பால் மங்கலோ, இரண்டாவது படத்தில் மண்டலங்களோடு சேர்ந்து மூலைக்குப் போயிருந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அப்ப இது எந்த மண்டலத்து வெளிச்சம்?"

"எதோடதும் இல்ல சார்," என்றாள் பெண். "மண்டலங்கள் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிய்ச்சப்போ வெளியே சிதறின நட்சத்திரங்க. யாருக்கும் சொந்தமில்லாம நடுவுல கிடக்குது. ரொம்ப மங்கல். கண்ணாடி இவ்வளவு சுத்தமா இல்லேன்னா தெரிஞ்சே இருக்காது."

"வெளிய தள்ளினாலும் எரிஞ்சுகிட்டுத்தானே இருக்கு?" என்றார் கிழவர்.

"ஆமாண்ணே."

கிழவர் இப்போதுதான் அந்தத் தாளை எடுத்தார். திருப்பிப் போட்டு, கோணல்மாணலாக எழுதினார்: 'கண்ணாடி சுத்தம். தப்பாச் சொன்னது நான்.' பேனாவை மேலாளர் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க. சீக்கிரம். போய் என் விரல் கறையைத் துடைக்கணும்."