கடற்கரைக்குப் போகும் சந்து

சாகர் நகர் குடியிருப்போர் சங்கத்துக்கு ஹில்டா டீச்சர் செயலாளர் ஆனதற்கு அவளுடைய கையெழுத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கரும்பலகையில் எழுதிப் பழகிய முத்து முத்தான எழுத்து. கலெக்டருக்குப் போகிற மனு பார்வைக்காவது லட்சணமாக இருக்கட்டும் என்றார் தலைவர் தோத்தாத்ரி. அவர் பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மகாபலிபுரம் போகிற சாலைக்கும் கடலுக்கும் நடுவே நாற்பத்தெட்டு மனைகள். அதில் வீடு எழும்பியது இருபத்திரண்டில்தான். தெருவிளக்கு இல்லை, கிணறு உப்புக் கரிக்கிறது, பஸ் நிற்காமல் போகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த மூன்றைத்தான் பேசுவார்கள். ஹில்டா மனு எழுதுவாள். பதில் வராது. மனையை ஆசைப்பட்டு வாங்கியவர் அவள் கணவர் ஜெபராஜ். வீட்டுக்குத் தளம் போட்ட மூன்றாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். கடல் பார்த்த வராந்தாவில் உட்கார அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. ஹில்டா தனியாகத்தான் இருந்தாள்.

1990 மே மாதம் ஒரு மத்தியானம், தாம்பரம் பக்கத்திலிருந்து சைக்கிளில் குளிக்க வந்த ஐந்து பையன்களில் இரண்டு பேரைக் கடல் கொண்டுபோனது. ஒருத்தன் உடல் அன்றைக்கே ஒதுங்கியது. மற்றவனுக்காக மூன்று நாள் காத்திருந்தார்கள். அவன் தாய் மணலை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஹில்டா அவளுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாள் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வீடு இருக்கே, போகாதடான்னு சொல்ல ஒருத்தர் கூடவா இல்ல?" என்று கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போலத்தான் கேட்டாள்.

அடுத்த கூட்டத்தில் ஹில்டா எழுந்து, கடற்கரைக்குப் போகும் சந்துக்கு ஒரு இரும்பு கேட் போட வேண்டும் என்றாள். கேட் இருந்தால் வெளியாட்கள் வரமாட்டார்கள், ஒரு உயிராவது மிஞ்சும் என்றாள். மற்றவர்களுக்கு வேறு வேறு காரணங்கள் இருந்தன. மணலில் உடைந்த பாட்டில் கிடக்கிறது என்றார் ஒருவர். கேட் போட்டால் மனை விலை ஏறும் என்றார் சங்கப் பொருளாளர் ஸ்ரீரங்கன். சங்கத்தின் சரித்திரத்திலேயே எல்லாரும் கை தூக்கி நிறைவேறிய தீர்மானம் அதுதான்.

சந்து சங்கத்தின் சொத்து இல்லை. அது புறம்போக்கு. வடக்கே இருந்த மீன்பிடிக் குப்பத்து ஜனங்கள் காலனி வருமுன்னே அதன் வழியாகத்தான் ரோட்டுக்குப் போய் வந்தார்கள். கேட் வைத்த அன்று, ஹில்டாவுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் பொன்னியம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மேலும் கீழும் பார்த்தாள். எட்டடி உயரம், மேலே ஈட்டி முனை, இரண்டு பக்கச் சுவரிலும் கண்ணாடிச் சில்லு.

"இன்னா டீச்சரம்மா, கடலுக்கே பூட்டா?"

"உங்களுக்காக இல்ல பொன்னியம்மா. வெளியிலேர்ந்து வர்றவங்களுக்காக. காலையில அஞ்சரைக்கு நானே திறந்து வைக்கிறேன், எட்டரைக்குப் பூட்டிடுவேன். நீங்க எல்லாரும் போயிடலாம்."

"எட்டரைக்கு அப்பால?"

ஹில்டா சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். பொன்னியம்மாள்தான் சிரித்துவிட்டு, "சரி வுடு, சுத்திக்கினு போறோம்" என்றாள். சுற்றிக்கொண்டு போவதென்றால் தெற்கே சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு மைலுக்கு மேல் மணல்.

முதலில் மூன்று சாவி இருந்தது. தோத்தாத்ரியிடம் ஒன்று, ஸ்ரீரங்கனிடம் ஒன்று. ஆளாளுக்குத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு சாயங்காலம் யாரோ கல்லூரிப் பையன்கள் அலைக்குள் நிற்பதைப் பார்த்து ஹில்டா கத்திக்கொண்டே ஓடினாள். மறுநாளே, சாவி ஒருத்தரிடம்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி மற்ற இரண்டையும் வாங்கிக்கொண்டாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது அவளுக்கு. ஒன்றரை வருஷத்தில் அந்தத் துறையில் ஒருத்தரும் மூழ்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆறு மணிக்கே பூட்டிவிடுவாள். இரண்டு பஸ் மாறித் தாம்பரத்தில் தன் பழைய கோயிலுக்குப் போக வேண்டும். பொன்னியம்மாளும் அதை ஒப்புக்கொண்டிருந்தாள்.

1991 ஐப்பசியில் ஒரு ஞாயிறு. கடல் இரண்டு நாளாகவே சரியில்லை. ஹில்டா ஆராதனை முடிந்து, சிநேகிதி யூனிஸ் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டரை மணிக்குக் காலனிக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு எட்மண்ட் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், காலையில எங்க போயிட்டீங்க?"

"கோயிலுக்குத்தான். ஏன்?"

எட்மண்ட் சொல்லி முடிக்கச் சிரமப்பட்டார். எட்டு மணிவாக்கில் பொன்னியம்மாளின் புருஷன் ஏகநாதன் கரையேறும்போது அலை கட்டுமரத்தைப் புரட்டிவிட்டது. மரம் வயிற்றில் மோதியது. ரத்தம் வெளியே அதிகம் இல்லை, ஆள் பேசிக்கொண்டுதான் இருந்தான். நாலு பேர் வலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தார்கள். சந்தைத் தாண்டினால் இருநூறு அடியில் ரோடு.

"தட்டினாங்க டீச்சர். அப்படித் தட்டினாங்க. தோத்தாத்ரி சார் வந்தார், நான் வந்தேன். சாவி உங்ககிட்ட. கல்லால பூட்ட உடைச்சுப் பார்த்தாங்க, நான் உள்ளேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பினேன். அசையல. மேல தூக்கி இந்தப் பக்கம் விடலாம்னா, வயித்துல கை வச்சாலே அலறுறான். கால் மணிக்கு மேல ஆயிடுச்சு. அப்புறம் தோப்பு வழியா தூக்கிட்டு ஓடினாங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

எட்மண்ட் தலை குனிந்தபடி சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவை விட்டு இறக்கும்போதே உயிர் இல்லையாம்.

ஹில்டா கைப்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கும் பஸ் டிக்கெட்டுக்கும் நடுவே சாவி கிடந்தது. எட்டு மணிக்குத் தான் எங்கே இருந்தோம் என்று கணக்குப் பார்த்தாள். இரண்டாவது பாட்டுக்கு எழுந்து நின்றிருப்பாள். பை மடியிலிருந்து நழுவியதும், அதை எடுத்து பெஞ்சில் வைத்ததும்கூட ஞாபகம் வந்தது.

அவள் நேரே போய்க் கேட்டை விரியத் திறந்தாள். குப்பத்துக்கு நடந்தாள். பெண்கள் கும்பலாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. பொன்னியம்மாளின் மூத்த மகள் மட்டும் எழுந்து வந்து, "அம்மா இப்ப யாரையும் பாக்கற மாதிரி இல்ல, நீங்க போங்க" என்றாள்.

அடுத்த வாரம் தோத்தாத்ரி வீட்டு மொட்டை மாடியில் அவசரக் கூட்டம் கூடியது. கேட்டை எடுத்துவிட வேண்டும் என்று ஹில்டா தீர்மானம் கொண்டு வந்தாள். நின்றுகொண்டுதான் பேசினாள்.

"அந்த ஆள் சாவுக்கு நான் காரணம். நான்தான் கேட் கேட்டேன். நான்தான் ஒரே சாவின்னு சொன்னேன். உங்களை யாரையும் சொல்லல. அதை மட்டும் எடுத்துடுங்க."

"டீச்சர், உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் தோத்தாத்ரி. "அரை மணி முன்னால போயிருந்தா பிழைச்சிருப்பான்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கல. கடல்ல போறவனுக்கு இதெல்லாம் சகஜம். அனுதாபத் தீர்மானம் போடுவோம், வேணாம்னு சொல்லல."

"இப்ப கேட்டை எடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் சார்" என்றார் ஸ்ரீரங்கன். "நாளைக்குக் கேஸ் போட்டா?"

"ஒத்துக்கத்தானே சொல்றேன்" என்றாள் ஹில்டா.

பிறகு ஒரு அம்மாள், தன் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள், கேட் இல்லாவிட்டால் பயமாக இருக்கும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். அவளும் பொய் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் ஹில்டா சொன்னதையேதான் சொன்னாள்.

கை தூக்கச் சொன்னார்கள். கேட்டை எடுக்க மூன்று கை: ஹில்டா, எட்மண்ட், அவர் மனைவி. இருக்கட்டும் என்று பதினாறு. தோத்தாத்ரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், மினிட்ஸ்ல எழுதிக்குங்க" என்றார். செயலாளர் அவள்தானே. கூட்டத்தில் நடந்ததை அவள்தான் எழுத வேண்டும். ஹில்டா எழுதினாள். 'கேட்டை அகற்றக் கோரிய தீர்மானம் தோற்றது' என்று எழுதி, அதன் கீழேயே தன் ராஜினாமாவையும் எழுதி, சாவியை நோட்டின் மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அடுத்து தெருவிளக்கு பற்றிப் பேச ஆரம்பித்தது அவளுக்குக் கீழே வரை கேட்டது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவள் மறுபடி குப்பத்துக்குப் போனாள். பொன்னியம்மாள் குடிசை வாசலில் கருவாடு காய வைத்துக்கொண்டிருந்தாள். ஹில்டா நின்றபடியே சொன்னாள்.

"கேட்டை எடுக்கச் சொன்னேன் பொன்னியம்மா. யாரும் கேக்கல."

"தெரியும். எட்மண்டு சார் சொன்னாரு."

"என்னை மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு..."

"நீ இன்னாம்மா வேணும்னேவா பண்ணே?" பொன்னியம்மாள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள். "அது எனக்கும் தெரியும். ஆனா பாரு, காத்தால எழுந்தா அந்தப் பூட்டுதான் கண்ணு முன்னாடி நிக்குது. வயித்தப் புடிச்சிக்கினு எங்கூட்டு ஆளு கேட்டுச்சி, 'இன்னாடி, டீச்சரம்மா வரலியா'ன்னு. உன்ன நம்பிக்கினு படுத்துனு இருந்துச்சிம்மா."

பொன்னியம்மாள் கருவாட்டின் மேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள்.

"உம்மேல கோவம் இல்ல. ஆனா நீ இனிமே இங்க வராதம்மா. உன்னப் பாத்தா எனக்கு அதோட கொரலு கேக்குது. அத்தோட நான் எத்தினி நாளைக்கு கெடந்து பொழைக்கிறது?"

ஹில்டா தலையசைத்தாள். பொன்னியம்மாள் அடுத்த வரிசைக் கருவாட்டைத் திருப்ப நகர்ந்து உட்கார்ந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். மகள் உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். எட்டரை தாண்டி வெயில் ஏறிக்கொண்டிருந்தது; கேட்டைப் பூட்டியிருப்பார்கள். ஹில்டா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோப்பைச் சுற்றிப் போக மணலில் இறங்கி நடந்தாள்.