ஆழத்துக்குப் போகச் சொன்னேன்

வகுப்பில், சுழலும் நாற்காலியில் மாணவி ஜூஸ்தினை உட்காரவைத்துச் சுற்றிவிட்டேன். கைகளை விரித்தாள், வேகம் குறைந்தது. மடக்கினாள்; கூடியது.

"பெரிய அணையில தண்ணிய ஏத்தி வெச்சா பூமி கை விரிச்ச மாதிரி. நாள் துளி நீளும். ரெண்டாயிரத்து நாலு பூகம்பத்துல பூமி கை மடக்குச்சு. நாள் மூணு மைக்ரோ நொடிக்கும் கம்மியா சுருங்குச்சு."

"அவ்ளோதானா மிஸ்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்தப் பூகம்பத்தின் அலைதான் எங்கள் மீனவ ஊரான பிள்ளைச்சாவடியில் என் தம்பியைக் கொண்டுபோனது. அதையெல்லாம் பிளஸ் டூ பாடத்தில் நான் சொல்வதில்லை.

பத்தரை மணிக்கு ஸ்டாஃப் ரூமில் எல்லோருடைய செல்போனும் அலறியது. அந்தமான் பக்கம் பெரிய நிலநடுக்கம், சுனாமி எச்சரிக்கை. என் வீட்டுக்காரர் பிரேம்குமார் விடியற்காலையிலேயே ஃபைபர் போட்டில் கடலுக்குப் போயிருந்தார். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

எங்கள் ஊரில் கடலில் எது என்றாலும் பெண்கள் முதலில் செய்வது, ஆம்பளைகளைக் கரைக்குக் கூப்பிடுவது. புயலுக்கு அது சரி. சுனாமிக்குத் தப்பு.

நல்லவேளை, போனை எடுத்தார்.

"அம்மா கூப்ட்டாங்க. வந்துகிட்டிருக்கேன்."

"வராதீங்க. ஆழத்துல அலை தெரியாமப் போயிடும், கரைகிட்டதான் எழும்பி அடிக்கும். போட்டத் திருப்பி அம்பது பாகம், முன்னூறு அடி ஆழத்துக்குப் போயிடுங்க."

"பைத்தியமா ஒனக்கு? எல்லா போட்டும் கரைக்கு வருது."

"எம்மேல சத்தியம். நான் கூப்புடுற வரைக்கும் வராதீங்க."

போட்டைத் திருப்பும் எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, போறேன்" என்றார்.

காலாப்பட்டு பஸ்ஸைப் பிடித்து ஊருக்குக் கிளம்பினேன். மூன்று மைக்ரோ நொடிக்குச் சிரித்தேனே, பூமியையே வேகமாகச் சுற்றவைத்த அடி அல்லவா அது. அதன் முன்னால் எங்கள் ஊர் எம்மாத்திரம்?

ஊர் முழுக்க மெயின்ரோட்டில் நின்றது. ஒவ்வொரு போட்டாகக் கரையேறி, ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு மணிக்கு எச்சரிக்கையை விலக்கிக்கொண்டதாக மைக்கில் சொன்னார்கள். அலை வரவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

நான் அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன், மறுபடியும் அதுவே. அவ்வளவு தூரத்தில் செல்போன் எடுக்காது என்று மீனவன் பொண்டாட்டிக்கு, அதுவும் பிசிக்ஸ் படித்தவளுக்கு, தெரியாதா? தெரியும். பயத்தில் மறந்தே போனேன். அவர் போட்டில் இருப்பது ஒரு நாளைக்கான எண்ணெய்தான். காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது.

மாமியார் மணியம்மாள் என் தோளைப் பிடித்தார்.

"எம்புள்ள எங்கடி?"

"ஆழத்துல இருக்காரு அத்த. நான்தான் போகச் சொன்னேன். நான் கூப்ட்டா வந்துடுவாரு."

அவர் என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அப்ப கூப்புடு" என்றார்.