நாலு குழாய் ஹாரன்

1

இந்தக் கதை ஒரு பூச்சாடியிலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருஷம் இங்கே கிளீவ்லாந்தில், ப்ராட்வே தெருப் பக்கத்துத் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் பழைய சாமான்கள் விற்றார்கள். ஒன்றைவிட ஒன்று நீளமாக நாலு பித்தளைக் குழாய்கள், அடியில் ஒன்றாகப் பற்றவைத்தது. பூச்சாடி என்று நினைத்து வாங்கிவந்தேன். என் மனைவி அதில் தண்ணீர் ஊற்றி டூலிப் பூக்களைச் செருகினாள். ஒவ்வொரு குழாயிலும் இருந்த கீறல் வழியாகத் தண்ணீர் வழிந்து மேஜை விரிப்பு நாசமானது. இருபத்தெட்டு வருஷமாக இந்தக் கிளீவ்லாந்தில் குப்பை சேர்ப்பதைத் தவிர நான் ஒன்றும் கிழிக்கவில்லை என்றாள். எங்கள் தெரு டயர் கடைக்காரர்தான் கடைசியில் பார்த்துச் சொன்னார்: "பூச்சாடியா? யோவ், இது ஹாரன்யா! அந்தக் காலத்து மோட்டார் வண்டி ஹாரன்."

ரப்பர் பந்தும் இல்லை, மின்சாரமும் இல்லை. இன்ஜின் கக்கும் புகைதான் இதற்கு மூச்சு. காலடியில் பெடலை மிதித்தால் புகைக்குழாயில் ஒரு மூடி திறக்கும். பின்பக்கமாகப் போகவேண்டிய புகை இந்த நாலு குழாய்க்குள் பாய்ந்து நாலு சுரத்தில் முழங்கும். இன்ஜின் ஓடினால்தான் புகை, புகை வந்தால்தான் சத்தம். இதை நீங்கள் மறந்துவிடாதீர்கள். என் கதையில் வரும் ஆள், பிழைப்பே இதுவாக இருந்தும், சரியான நேரத்தில் மறந்து தொலைக்கப்போகிறான்.

2

முதல் தொடக்கம்: "1910ஆம் ஆண்டு மே மாதம், கிளீவ்லாந்து நகரத் தெருக்களில் குதிரைகள் மோட்டார் வண்டிகளைக் கண்டு மிரண்டுகொண்டிருந்த அந்த—"

பள்ளிக்கூடக் கட்டுரை. விட்டுவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அபோலெனா அழகி அல்ல, ஆனால்—"

இப்படி 'ஆனால்' போடும் ஆண்களை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் ஒருவனைப் பார்க்கிறேன். இதையும் அடித்துவிட்டேன். அவளுக்கு வயது நாற்பத்தொன்று, ஹாரன் பட்டறையில் சுருதி சேர்ப்பவள் என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

3

பட்டறை ஹேவர்காம்ப் என்பவருடையது. [இந்தப் பெயரில் யாரும் ஹாரன் செய்ததாக நினைத்துத் தேட வேண்டாம். அவரையும் நான்தான் செய்தேன்.] பதினொரு ஆண்கள் தகடு வெட்டி, உருட்டி, பற்றவைப்பார்கள். அபோலெனா அரத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயின் வாயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி, நாலையும் ஒத்துப்போக வைப்பாள். பட்டறையில் ஊதிப் பார்ப்பது குளிர்ந்த காற்றில். வண்டியில் ஏறுவதோ கொதிக்கும் புகை. சூட்டில் சுரம் ஏறும், அதிலும் மூடிக்குப் பக்கத்தில் இருக்கும் குழாய்க்கு அதிகமாக ஏறும். ஆகவே அந்தக் குழாயை மட்டும் ஒரு மயிரிழை இறக்கியே வைப்பாள். எவ்வளவு இறக்குவது என்பது அவள் காதுக்கு மட்டும் தெரியும்.

அவள் முடித்த ஹாரனைச் சோதனை வண்டியில் மாட்டி ஓட்டிப் பார்ப்பவன் ஹினெக். வயது நாற்பத்தாறு. மனைவி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. திரும்பிவந்ததும் இரண்டு விரலை உயர்த்திக் காட்டுவான். பிரமாதம் என்று அர்த்தம். எட்டு வருஷத்தில் அவளுடைய ஒரு ஹாரனைக்கூட அவன் குறை சொன்னதில்லை.

அவனுக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. எட்டு வருஷமாக ஹாரனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் வேறு என்ன ஆகும்? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே வேலை போய்விடும்.

என் மனைவி இங்கே படிப்பதை நிறுத்தினாள். "ஒரே பட்டறைல எட்டு வருஷம். அவனுக்குக் காது கேக்காதுன்னு இவளுக்குத் தெரியாதாக்கும்? நீங்க இருமினா அது நெஜ இருமலா, நடிப்பான்னே எனக்குத் தெரியுது."

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பட்டறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சுத்தியல் சத்தத்தில் அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. எல்லாரும் கைச்சாடையில்தான் பேசிக்கொள்வார்கள். நீளமாகச் சொல்ல வேண்டுமென்றால் தூணில் தொங்கும் ஸ்லேட்டில் சாக்பீஸால் எழுதுவார்கள். ஊரிலேயே செவிடன் ஒளிந்துகொள்ளத் தோதான இடம் ஹாரன் பட்டறைதான்.

4

அந்த ஸ்லேட்டில்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஹினெக் அபோலெனாவுக்குப் பொடி எழுத்தில் எழுதிக் காட்டினான்:

"நாளை நாலு மணிக்கு உங்கள் தெரு வழியாக வருவேன். உங்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் என்றால் ஜன்னலைத் திறங்கள். இல்லையென்றால் திறக்க வேண்டாம். நிற்காமல் போய்விடுவேன். பிறகு இதைப் பற்றி ஒரு நாளும் பேசமாட்டேன்."

அவள் படித்து முடித்தாளோ இல்லையோ, சட்டைக் கையால் அழித்துவிட்டான்.

[ஏன் வாயால் கேட்கவில்லை? கூச்ச சுபாவம் என்றுதான் முதலில் எழுதிவைத்திருந்தேன். மூன்றாவது முறை திருத்தும்போதுதான் எனக்கே உறைத்தது. பெண்கள் இதற்கெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு மெல்லிய குரலில் பதில் சொல்வார்கள். உதட்டைப் படிக்க வழியில்லை. அவனுக்குக் கேட்காது. 'என்ன சொன்னீங்க?' என்று திருப்பிக் கேட்கக்கூடிய விஷயமா இது? அதனால் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு பதிலைக் கேட்டிருக்கிறான். பாவம், எத்தனை நாள் யோசித்தானோ.]

வேலை முடிந்து படியிறங்கும்போது பெட்டிகட்டும் ரோசார்க்கா வழிமறித்தாள். "அபோலெனாக்கா, கன்னம் ஏன் இப்படிச் செவந்து கெடக்கு? குழாய விட்டுட்டு யாராச்சும் உங்களுக்குப் பாலிஷ் போட்டுட்டாங்களா?"

"போடி, வேலயப் பாத்துக்கிட்டு."

"வேலதான் முடிஞ்சிபோச்சே! நல்லாத்தான் இருக்கு, துடைச்சிராதீங்க."

5

ஞாயிற்றுக்கிழமை. அபோலெனா குடியிருந்தது ஒரு ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில், மேட்டிலிருந்து இறங்கும் தெருவின் நடுவில். மூன்று மணிக்கே கசகசா வைத்த கொலாச் ரொட்டி சுட்டு வைத்துவிட்டாள். ஜன்னல் கொண்டியை எண்ணெய் போட்டுத் துடைத்தாள். திறந்து பார்த்தாள், மூடினாள். சம்மதம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எட்டு வருஷமாக அந்த இரண்டு விரலுக்காகத்தான் அவள் அரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி. ஹினெக் சோதனை வண்டியில் மேட்டின் உச்சிக்கு வந்தான். வந்ததும் அவன் கை தானாகப் போய் இன்ஜினை நிறுத்தியது.

அந்த ஊர் ஓட்டுநர்கள் எல்லாருக்கும் இருந்த பழக்கம் அது. இறக்கத்தில் இன்ஜின் எதற்கு, வண்டி தானாகவே இறங்காதா? பெட்ரோல் மிச்சம். ஹேவர்காம்ப் பட்டறையில் அது சட்டமாகவே இருந்தது. ஹாரன் சோதனையெல்லாம் ஏரிக்கரைச் சமதரையில்தான் நடக்கும் என்பதால் இதனால் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

ரொட்டிக்கடைக்கு நேராக வந்ததும் பெடலை மிதித்தான். மூன்று முறை, நீளமாக. இன்ஜின் ஓடவில்லை, புகை இல்லை, சத்தமும் வரவில்லை. சத்தம் வரவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. வழக்கமாக உள்ளங்காலில் ஏறும் அதிர்வை வைத்துத்தான் ஹாரன் ஊதுகிறது என்று தெரிந்துகொள்வான். அன்றைக்குச் செங்கல் தெருவில் வண்டி குலுங்கிக்கொண்டிருந்தது. அவன் காலும் நடுங்கிக்கொண்டிருந்தது.

ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். மூடியிருந்தது. சொன்னபடியே நிற்காமல் போனான்.

திரைக்குப் பின்னால் ஒரு கையைக் கொண்டியில் வைத்தபடி அபோலெனா நின்றிருந்தாள். வண்டி சத்தமில்லாமல் இறங்கிப்போவதைப் பார்த்தாள். வந்தவன் வாசல் வரைக்கும் வந்துவிட்டு மனசை மாற்றிக்கொண்டான் என்றுதானே யாராக இருந்தாலும் நினைப்பார்கள்?

"நானா இருந்தா தெறந்து, 'என்னய்யா, ஊமை ஊர்வலமா போற?'ன்னு கேட்டிருப்பேன்" என்றாள் என் மனைவி. அவள் கேட்டிருப்பாள். அபோலெனா, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறவள் இல்லை. அன்று சாயங்காலம் கொலாச் முழுவதையும் ரொட்டிக்கடைக்காரர் வீட்டுக்கே கொடுத்துவிட்டாள். ரொட்டி சுடுகிறவனுக்கு ரொட்டி கொடுத்த பெண்பிள்ளை என்று ஒரு வாரம் தெருவே சிரித்தது.

6

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு நேரம். சுத்தியல்கள் ஓய்ந்திருந்தன. முற்றத்தில் எல்லாரும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், முதலாளி ஹேவர்காம்பும்தான். சோதனை வண்டியின் பக்கத்தில் ஹினெக் தனியாக நின்றான். அபோலெனா அவன் முகத்துக்கு நேராகப் போய் நின்றாள்.

"நேத்து வண்டி நல்லா ஓடிச்சு போலருக்கே" என்றாள். கோபம் அவள் குரலில் இருந்தது. குரல்தான் அவனுக்கு எட்டாதே. உதட்டை மட்டும் படித்தான்.

"ஓடிச்சு. மூணு தடவ அடிச்சேன்" என்றான். "நாலு குழாயும் என்னமா முழங்கிச்சு தெரியுமா, நீங்க சுருதி சேத்ததாச்சே! உங்களுக்கு விருப்பம் இல்லேன்னா பரவால்ல, அபோலெனா. நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."

பொய் சொல்கிறானோ? அந்த முகத்தைப் பார்த்தால் ராத்திரி முழுக்கத் தூங்காதவன் என்று தெரிந்தது. பொய் சொல்கிறவன் இப்படி வாடமாட்டான். அடுத்த நொடியில் மேடு நினைவுக்கு வந்தது. இறக்கம். நிறுத்திய இன்ஜின். அதற்கும் அடுத்த நொடியில் மற்றது புரிந்தது. ஊதாத ஹாரன் முழங்கியது என்கிறான். அப்படியானால் இந்த எட்டு வருஷமும், அந்த இரண்டு விரலும், எதையுமே கேட்காமல் அவளை நம்பி மட்டும் உயர்த்தியது.

அவளுக்கு அழுகை வந்தது. எனக்கும்தான் வந்தது, ஒளிப்பானேன்.

7

இங்கே மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன்.

முதல் முடிவை ஆசையாக எழுதினேன். அபோலெனா சொல்கிறாள்: "கேட்டுச்சுங்க. மழை ஈரத்துல ஜன்னல் கட்டை உப்பிப்போச்சு. இழுத்து இழுத்துப் பாத்தேன், தெறக்கவே முடியல." ஹினெக் சிரிக்கிறான். கல்யாணம் ஆகிறது. அவன் மானமும் போகவில்லை, வேலையும் போகவில்லை. இரண்டு நாள் நான் வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் தெரு இறக்கத்தில் ஒரு குட்டிப் பெண் பந்தைத் துரத்திக்கொண்டு என் காருக்குக் குறுக்கே ஓடிவந்தாள். ஹாரனை அழுத்தினேன், நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அந்த முடிவை அடித்துவிட்டேன். ஹினெக் நாளைக்கும் இன்ஜினை நிறுத்திவிட்டு அந்த மேட்டில் இறங்குவான். ஊதாத ஹாரனை மிதித்துவிட்டு, ஊதியது என்று நம்பிப் போய்க்கொண்டேயிருப்பான். இது தெரிந்த ஒருத்தி இனிக்க இனிக்கப் பொய் சொன்னால் அது அன்பா?

இரண்டாவது முடிவு: அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எப்படிச் சொல்வாள்? அழுகையில் நெளியும் உதட்டை அவனால் படிக்க முடியாது. மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது. கத்திச் சொன்னால் முதலாளிக்குக் கேட்டு—

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை.]

8

ஆகவே அவள் பேசவில்லை.

ஹினெக்கின் வலது கையைப் பிடித்தாள். எட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அந்தக் கையைக் கொண்டுபோய் வண்டியில் இருந்த ஹாரனின் நாலு குழாய்மேல் பரப்பி வைத்தாள். அப்படியே ஒரு காலைத் தூக்கிப் பெடலை மிதித்தாள். இன்ஜின் ஓடவில்லை. குழாய் சும்மா இருந்தது.

பிறகு வண்டிக்கு முன்னால் போய், இரும்புக் கைப்பிடியைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சுழற்றினாள். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்தது. திரும்பிவந்து மறுபடி மிதித்தாள். நாலு குழாயும் முற்றமே அதிர முழங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கை உள்ளங்கையிலிருந்து தோள்வரை அதிர்ந்தது.

இன்ஜினை நிறுத்தினாள். கையால் காற்றில் ஒரு மேட்டை வரைந்து காட்டினாள். இறக்கத்தைக் காட்டினாள்.

ஹினெக் கையை எடுக்காமல் நின்றான். முதலில் முகம் வெளுத்தது. இத்தனை நாள் ஒளித்துவைத்தது இவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வேறு ஒன்று புரிந்தது. புரிந்ததும் வேலை, மானம், முதலாளி எல்லாம் மறந்துபோயிற்று. எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்பதும் மறந்துபோயிற்று. அடுத்த தெருவரைக்கும் கேட்கும்படி கத்தினான்:

"அப்போ நேத்து நீங்க மாட்டேன்னு சொல்லலையா, அபோலெனா?"

முற்றத்தில் ஒருவரும் மெல்லவில்லை. ஹேவர்காம்ப் ரொட்டியும் கையுமாக எழுந்து நின்றார். ரோசார்க்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது அபோலெனா பதில் சொல்ல வேண்டும். அவன் கண்ணில் நீர் நிறைந்திருப்பதால் உதட்டைப் படிக்கவும் முடியாது, தலையசைப்பும் தெரியாது. பதினொரு ஆண்களுக்கும் முதலாளிக்கும் முன்னால் அவளும் கத்தித்தான் ஆகவேண்டும். பக்கத்தில் நிற்பவனிடம் கத்தினால் அவன் ரகசியம் உடைந்துவிடும், வேலை அன்றைக்கே போகலாம். கத்தாவிட்டால் அவனுக்குப் பதில் போய்ச் சேராது.

அந்தப் பதிலை எழுதிப் பார்த்தேன். பெரிய எழுத்தில், கறுப்பாக, அடிக்கோடிட்டும் எழுதிப் பார்த்தேன். தாளில் ஏறியதும் அது முணுமுணுப்பாகிவிடுகிறது. என்னால் முடிந்தது இவ்வளவுதான். அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள். இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸிலோ படுக்கையிலோ எங்கே இருந்தாலும், பக்கத்தில் யார் இருந்தாலும், வாய்விட்டுச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் அவனுக்குக் கேட்காது.